பஞ்சர் ஆகாத ட்யூப்

7.8.2025, வியாழன்

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். பின் சக்கரத்தில் முள் குத்திவிட்டது என்று எழுதியிருக்கிறேன். முள்ளை நான் பார்க்கவில்லை. டயர் தரையோடு அமுங்கிக் கிடந்ததைத்தான் பார்த்தேன். பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதியது தவறு. வீட்டிலும் அப்படியே சொன்னேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எங்கே பிசகினேன் என்று எனக்கே தெரியும்.

பகலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மாலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் வகுப்பு. ஏழு மணிக்கு முடிந்ததும் சைக்கிளில் நாணமேட்டுக்குத் திரும்புவேன். ஊருக்குப் பிரியும் சாலையில் ஒரு சிறு பாலம். அது முடிகிற இடத்தில் தார் பெயர்ந்து பள்ளமாகிவிட்டது. நேற்று அதில் இறங்கி ஏறியபோது தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் பின் சக்கரம் ஆட்டம் கண்டது. இறங்கிப் பார்த்தேன். காற்று இல்லை. கம்பிகளில் பச்சையாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

அது ட்யூப்புக்குள் இருக்கும் திரவம். என் சைக்கிளில் இருப்பது சாதா ட்யூப் இல்லை. ரப்பர் கனம். உள்ளே அந்தப் பச்சைத் திரவத்தை ஊற்றியே விற்கிறார்கள். முள் குத்தினால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா இளவரசு வைகாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு சக்கரத்துக்கும் அதை மாட்டிக் கொடுத்தார்.

அப்போது அப்பா என்னை மாலை வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சீமைக்கருவேல். வாரம் தவறாமல் பஞ்சர். இருட்டிய பிறகு பெண் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதா என்பதுதான் அவருடைய தயக்கம். மாமா சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார். "மாட்டியாச்சி, மறந்துடுங்க மச்சான். இனிமே பஞ்சர்ங்கற பேச்சே கெடையாது. புள்ளைய தைரியமா அனுப்புங்க."

அந்த வார்த்தையால்தான் எனக்கு வகுப்பு கிடைத்தது. நேற்று அதே வார்த்தையால் போனது.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து பஞ்சர் என்று சொன்னேன். வழியில் பஞ்சர் கடை ஒன்று திறந்திருந்தது. கடைக்காரர் பச்சை வழிவதைப் பார்த்ததும் சக்கரத்தைத் தொடவே இல்லை. இதில் பசை ஒட்டாது, வாங்கின கடைக்கே கொண்டுபோ என்றார். சாதா ட்யூப்பாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டு ஏறியிருப்பேன். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "பஞ்சர் ஆவாத ட்யூப்புல பஞ்சர்ங்கற. முள்ளு எங்க?" என்று கேட்டார். டயரைச் சுற்றி விரலால் தடவினார். எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. முன்கூட்டியே போன் செய்ததும் எனக்கு எதிராகவே திரும்பியது. பொய் சொல்கிறவர்கள்தான் முன்னாலேயே சொல்லி வைப்பார்களாம்.

பிறகு மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எல்லோருக்கும் கேட்டது.

"அந்த ட்யூப்பு பஞ்சரே ஆவாது மச்சான். எத்தினி பேருக்கு மாட்டியிருக்கேன், ஒருத்தன் திரும்பி வரல. பாப்பாகிட்ட வேற என்னான்னு கேளுங்க."

வேற என்னான்னு கேளுங்க. என்னை மடியில் உட்கார வைத்துக் காது குத்திய மாமா சொன்னது இது.

அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் ட்யூப்பை மாமாவிடமே காட்டுவோம், அதுவரை வேலைக்கு மட்டும் பஸ்ஸில் போ, வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள்.

இன்று மதியம் வகுப்பு நடத்தும் ராமாமிர்தம் மேடத்துக்குப் போன் செய்தேன். மாதக் கடைசியில் டைப்ரைட்டிங்கில் லோயருக்கு அடுத்த ஹையர் தேர்வு. ஆளுக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒரு மெஷின். என்னுடையது ஆறு மணி மெஷின். அதற்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன், வருத்தப்படாதே என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவராவது காரணத்தைக் கேட்டு, "அப்படியா?" என்றார்.

8.8.2025, வெள்ளி

வேலை முடிந்து பஸ்ஸில் வந்து, பின் சக்கரத்தைக் கழற்றினேன். கோபத்தில் ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியது. நிதானமாகச் செய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தேன். துணி சிக்கியது. முள் முனைகள். வெளியே ஒடிந்து, உள்ளே நின்றவை. அவற்றுக்கு நேராக ட்யூப்பில் பச்சைப் புள்ளிகள், கொப்புளம் ஆறியதுபோல. அத்தனை முள்ளும் குத்தியிருக்கிறது. ஒன்றிலும் காற்று போகவில்லை. முள்ளுக்கு அது நல்ல ட்யூப்தான். இதை எழுதாமல் விட்டால் நான் நியாயமானவள் இல்லை.

பிறகு காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். குமிழி டயர் பக்கமிருந்து வரவில்லை. உள்பக்கம், ரிம்மை ஒட்டிய இடத்திலிருந்து வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள். முள் அந்தப் பக்கம் போகவே முடியாது. திரவம் கீறலில் நிற்காமல் தண்ணீரெல்லாம் பச்சையானது.

அந்தத் தொப்பென்ற சத்தம் நினைவுக்கு வந்தது. பள்ளத்தில் இறங்கியபோது ரிம் ட்யூப்பைத் தரையோடு வைத்துக் கடித்திருக்கிறது. காற்று போதுமான அளவு இருந்தால் ரிம் அவ்வளவு தூரம் இறங்காது. அப்படியென்றால் காற்று இல்லை. ஆனால் புறப்படும்போது கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேனே?

முன் சக்கரத்தை இப்போதும் அமுக்கினேன். விரலுக்குக் கல்லாகத்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, பின்பக்கத்தைச் செங்கல்மேல் நிறுத்தி, முன்னால் சாய்ந்து என் எடையை ஹேண்டில்பாரில் போட்டேன். டயர் எப்படி இருக்கிறது பார் என்றேன். தோசை மாதிரி தட்டையாகிறது என்றாள். ட்யூப்பின் கனம்தான் விரலை ஏமாற்றியிருக்கிறது. மாட்டிய நாளிலிருந்து அதில் யாரும் காற்றடிக்கவில்லை. அப்பா அடிக்கவில்லை, தம்பி அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை. பஞ்சர் ஆகாது என்றால் காற்றும் இறங்காது என்று வீடு முழுக்க நம்பிவிட்டோம். மறந்துடுங்க என்றார். மறந்துவிட்டோம்.

அப்படியானால் தவறு என்னுடையதா? கொஞ்சம் என்னுடையது. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றில்லை.

அம்மாவிடம் கீறலைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம அவனே சொல்லட்டும். எந்தம்பி கடைய நானே கொறை சொன்னேன்னு வரக்கூடாது" என்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இப்படிச் சொன்னாள். வாளித் தண்ணீரை வாசலில் கொட்டினேன். கொஞ்சம் வேகமாகத்தான் கொட்டினேன்.

ஆறு மணிக்கு என் மெஷின் சும்மா இருந்திருக்கும்.

10.8.2025, ஞாயிறு

அப்பாவும் நானும் காலை பஸ்ஸில் சிதம்பரம் போனோம். ட்யூப் ஒரு துணிக்கடைப் பையில், என் மடியில்.

மாமாவின் கடை வடக்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. நாங்கள் போனபோது ஓர் ஆள் நின்றிருந்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர். மகளுக்குப் பள்ளிக்கூடம் போக சைக்கிள் வாங்க வந்திருந்தார். மாமா எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவரைக் கவனித்தார். கடையில் ஒரு சக்கரத்தைக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறார். அதில் ஆணியை அடித்தார், பிடுங்கினார், சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றியது. காற்று இறங்கவில்லை. வந்தவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"மாட்டிட்டு மறந்துடுங்க பாய்" என்றார் மாமா.

அதுவரை நான் பேசுவதாக இல்லை. அப்பா பேசட்டும் என்றுதான் இருந்தேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பையிலிருந்து ட்யூப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"எங்களுக்கும் அதையேதான் சொன்னீங்க மாமா."

கீறலைப் பார்த்ததும் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மாமா சிரித்தார்.

"இது ரிம்மு கடிச்சது பாப்பா. காத்து கம்மியா வெச்சிக்கினு பள்ளத்துல உட்டிருக்கற. அதுக்கு ட்யூப்பு என்னா பண்ணும்? டைப்பு அடிக்கற கையால வாரத்துக்கு ஒருவாட்டி காத்தும் அடிக்கணும்."

பாயும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது.

"அப்ப பஞ்சர் ஆனது நெசந்தான?"

"ஆவாம என்னா. காத்து இல்லாம ஓட்டுனா எந்த ட்யூப்பும் ஆவும்."

"அப்பாகிட்ட போன்ல என்னா சொன்னீங்க?"

மாமா கிரீஸ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் கிரீஸ் இல்லை. அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ட்யூப்பு பஞ்சர் ஆவுதுன்னு நானே சொன்னா யாவாரம் என்னா ஆவறது? ட்யூப்பு பேரு போச்சின்னா கடை போச்சி பாப்பா."

"அதுக்கு எம்பேரு போவட்டும்னு உட்டுட்டீங்க."

சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாய்தான் என் பக்கம் திரும்பி, நீ ஓட்டியிருக்கிறாயே அம்மா, முள்ளுக்குத் தாங்குமா என்று கேட்டார். தாங்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. மாமாவுக்கு அது வலித்திருக்கும். ஆனால் டயருக்குள் நின்ற முள் முனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"முள்ளுக்குத் தாங்கும்ங்க. காத்து மட்டும் வெரல்ல அமுக்கிப் பாத்தா தெரியாது, ஏறி உக்காந்து பாக்கணும். பள்ளத்துல கிழிஞ்சா வழியில யாரும் ஒட்ட மாட்டாங்க. என்னைக்காவது ஒங்க பொண்ணு பஞ்சர்னு சொன்னா நம்புங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு அதே ட்யூப்பையே மாட்டச் சொன்னார். ஒரு பம்ப்பும் கேட்டார். மாமாவுக்கு இரட்டை வியாபாரம்.

புறப்படும்போது மாமா புது ட்யூப் ஒன்றை என்னிடம் நீட்டினார். அதே ட்யூப். வேண்டாம் என்றேன். "தாய்மாமன் குடுக்கறத வேணாங்காத" என்றார் அப்பா. அந்தக் கடைக்குள் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். வாங்கிக்கொண்டேன். மாமா என் தலையில் கை வைத்தார். நான் தலையை நகர்த்தவில்லை. அதற்கு இப்போது வருந்துகிறேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம். ஆலப்பாக்கம் தாண்டும்போது, நாளையிலிருந்து வகுப்புக்குப் போ, காற்றைப் பார்த்துக்கொள் என்றார். எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம்.

"வேற என்னான்னு கேக்கச் சொன்னாரே மாமா. கேளுங்கப்பா."

"அதான் அவனே சொல்லிட்டானே, பஞ்சருதான்னு."

"நான் சொன்னப்ப?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடலூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே பார்க்க எதுவும் இல்லை. எப்போதும் பார்க்கிற சாலைதான்.

மாமாவின் ட்யூப்பைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். சாதா ட்யூப்பே போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இது கோபத்தில் எடுத்த முடிவோ என்று சந்தேகமாக இருந்தது. இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன். வழியில் சீமைக்கருவேல் அப்படியே இருக்கிறது. முன்பு போலவே முள் குத்தும், பஞ்சர் ஆகும். ஆனால் எந்தக் கடையிலும் ஒட்டிவிடலாம். வீட்டுக்கு வந்து பஞ்சர் என்று சொன்னால் வேறு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது பஞ்சர் ஆகிற ட்யூப் என்று எல்லோருக்கும் தெரியும். கோபமும் இருக்கிறது. கோபம் இருப்பதாலேயே முடிவு தவறாகிவிடாது.

நாளை: பஸ்ஸில் போகும்போது பின் சக்கரத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மஞ்சக்குப்பத்தில் சாதா ட்யூப் வாங்கி மாட்ட வேண்டும். ஆறு மணிக்கு வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்துக்குக் காற்றடிக்க வேண்டும், ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.