நாலாவது ஜோடி

லேபில் அவளுக்கு ஜோடி மேடம் என்று பெயர். வைத்தது வேன் டிரைவர். ரத்த அணுவுக்குள் தாறுமாறாகக் கிடக்கும் நாற்பத்தாறு குரோமோசோம்களைக் கம்ப்யூட்டர் திரையில் இருபத்து மூன்று ஜோடிகளாக அடுக்குவது அவள் வேலை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. "ஊருக்கெல்லாம் ஜோடி சேர்க்கிறீங்க, சாப்பாட்டு டப்பாவை மட்டும் ஒத்தையா திறக்கிறீங்களே மேடம்" என்று ஒருநாள் டிரைவர் வாய்தவறிச் சொல்லிவிட, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூடிய வாயைத் திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லத்தான் அவள் திறப்பாள். நடுவில் பேச ஆள் ஏது? கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பதினான்கு வருஷம். இரண்டு முறை கரு கலைந்ததும், இவள் ராசி அப்படி என்று மாமியார் தீர்ப்பெழுதிவிட்டாள். அவனும் அம்மா பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு அம்மாவோடு போய்விட்டான். முதல் முறை தண்ணீர் வாளியைத் தூக்கியதால், இரண்டாவது முறை குலுங்கிய பஸ்ஸால் என்று அவளும் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அதன் பிறகுதான் இந்தப் படிப்பைப் படித்து இந்த வேலைக்கே வந்தாள். வந்தவள் தன் ரத்தத்தை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. குரோமோசோமுக்கு நிறம் ஏற்றும் புதுச் சாயப் புட்டி வந்தால், நோயாளி ரத்தத்தில் கைவைக்கும் முன், ஒழுங்கானது என்று தெரிந்த ஒரு ரத்தத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கென்றே நேர்ந்துவிட்ட ரத்தம் வேன் டிரைவருடையது. இந்த முறை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சாயத்தைத்தானே பார்க்கப்போகிறோம், மற்றவர்கள் வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று, அவள் ரப்பர் வாரைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, தன் இடது கையில் தானே ஊசியைக் குத்திக்கொண்டாள். மூன்று நாள் அணுக்களை வளர்த்தாள். நாலாம் நாள் காலையில் திரையில் அடுக்க உட்கார்ந்தாள்.

நாலாவது ஜோடியில் ஒன்றுக்கு வால் குட்டை. இருபதாவது ஜோடியில் ஒன்றுக்கு வால் நீளம்.

சாம்பிள் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சோதனைக் குழாயில் ஒட்டிய சீட்டில் இருந்தது அவள் கையெழுத்து. இன்னொரு அணுவைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள், இருபது அணு வரை பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே குட்டை, அதே நீளம்.

பெரிய டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "துண்டு இடம் மாறியிருக்கு. எதுவும் குறையல, ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. குழந்தை தங்கறதுதான் கஷ்டம். யாரோடது?"

"என்னோடது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வருகிறவர்களுக்கு அவளே எத்தனையோ முறை விளக்கியதுதான். கருமுட்டை உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் நெருங்கி வந்து ஒட்டி நிற்கும். அம்மா கொடுத்ததும் அப்பா கொடுத்ததும் அங்கங்கே துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பிறகு பிரியும். ஜோடிக்கு ஒன்றாக இருபத்து மூன்று மட்டும் முட்டைக்குள் போகும். எது போகும் என்பது ஒவ்வொரு முறையும் புதுக் குலுக்கல். விந்தணுவிலும் இதே கதைதான். அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்தும் அவளுக்கு அப்பாவின் மேட்டு நெற்றி, தம்பிக்கு அம்மாவின் சுருட்டை முடி. ஆனால் அவள் முட்டையில் நாலாவதும் இருபதாவதும் இரண்டிரண்டாக நிற்க முடியாது. அந்த நாலு குரோமோசோமும் கைகோத்துத்தான் நிற்க வேண்டும். குட்டையும் நீளமும் சேர்ந்தே ஒரு பக்கம் போனால் பிழைத்தது. இல்லையென்றால் ஒரு துண்டு கூடிப்போகும், ஒரு துண்டு குறைந்துபோகும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் நிலைக்காது.

வாளியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிடமே, பதினான்கு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் தம்பி மனைவியின் முகம் நினைவுக்கு வர, அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பி மனைவிக்கும் மூன்று கலைந்தது. இரண்டாவது கலைந்ததும், நாலு வருஷத்துக்கு முன்னால் ரத்தம் கொடுக்க இந்த லேபுக்குத்தான் வந்தாள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் ரத்தத்தையும் எடுக்க வேண்டும் என்பது சுவரில் எழுதி ஒட்டிய விதி. தம்பிக்கு ஊசியென்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். "நீ போடா, நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல" என்று இவள்தான் அவனை அனுப்பிவிட்டாள். தம்பி மனைவியின் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அக்கா இந்தத் தொழிலில் இருக்கிறவள், அவளே சொல்லிவிட்டாள் என்று பழி மொத்தமும் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. அன்றோடு அவள் இவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜோடி மேடம் தம்பி மனைவியின் தையல் கடைக்கு நடந்தாள்.

தம்பி மனைவி கழுத்தில் டேப்போடு துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "அளவு எடுக்கணுமா?" என்றாள், யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

"இல்லம்மா. ஒரு விஷயம் சொல்லணும். என் ரத்தத்தைப் பார்த்தேன். குறை என்கிட்ட இருக்கு, குரோமோசோம்ல ரெண்டு துண்டு இடம் மாறியிருக்கு. எனக்கும் தம்பிக்கும் நடுவுல எங்க அம்மாவுக்கு ரெண்டு கலைஞ்சிருக்கு. அதனால அது அவங்க வழியா வந்திருக்கலாம். தம்பிக்கும் இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"பாதிக்குப் பாதி. அவன் ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. "அன்னைக்கே ஏன் பார்க்கல?"

"ஊசிக்குப் பயப்படுவான்னு விட்டுட்டேன். நம்ம ரத்தத்துல என்ன இருக்கப்போகுதுன்னு ஒரு திமிர். தப்பு என்னுதுதான்."

"மூணாவது தடவை உங்க தம்பி ஆஸ்பத்திரிக்கே வரல, அண்ணி."

தம்பி மனைவி மேஜையில் சட்டைக் கைக்கு வெட்டி வைத்திருந்த ஒரு துணியை எடுத்து விரலில் சுற்றினாள். "கை மாத்தித் தைச்ச சட்டை மாதிரியா?"

"ஆமா. துணி குறையல, இடம்தான் மாறியிருக்கு."

"பிரிச்சுத் தைக்க முடியுமா?"

"முடியாது. ஆனா சரியா வர்ற அணுவும் இருக்கும். நானே அப்படித்தான் பொறந்தேன்."

"உங்களுக்கு எத்தனை போச்சு?"

பதினான்கு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "ரெண்டு" என்றாள்.

"என்கிட்ட சொன்னது பத்தாது. அவர்கிட்ட சொல்லுங்க. என் எதிர்லயே."

ஜோடி மேடம் தம்பியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு?"

"நம்ம பக்கம் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல? பார்க்காமலே சொன்னேன்டா. என் ரத்தத்துல இருக்கு. உன்னுதுலயும் இருக்கலாம்."

"அப்போ அவ?" என்றான்.

"அவகிட்ட ஒரு குறையும் இல்ல. நாலு வருஷமா ரிப்போர்ட்ல அதுதான் இருக்கு."

"அவ பக்கத்துல இருக்காளா? போனை அவகிட்ட குடுக்கா."

கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் நின்றாள். உள்ளே இரண்டு பேரும் பேசுவதும், ஒருத்தி அழுவதும், போனுக்குள் ஒருத்தன் அழுவதும் கேட்டது. போன் உள்ளே இருந்ததால் கிளம்பிப் போகவும் முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

தம்பி மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை நீட்டினாள். "நாளைக்குக் கூட்டிட்டு வரேன். நீங்கதான் எடுக்கணும்."

"நடுங்குவானே."

"நான் கையைப் பிடிச்சுக்கறேன்." அவள் கண் ஜோடி மேடத்தின் இடது முழங்கைக்குப் போனது. அங்கே ஊசி குத்திய இடம் இன்னும் கன்றிப்போயிருந்தது. "இது யார் எடுத்தது?"

"நானேதான்."

"ஒத்தைக் கையாலயா?"

"வாரைப் பல்லால கடிச்சுக்கிட்டேன்."

தம்பி மனைவி அந்தக் கன்றலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனான்னு எனக்கே தெரியல, அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

ஜோடி மேடம் லேபுக்குத் திரும்பி, நாளைக்கான குழாயில் தம்பியின் பெயரை எழுதி வைத்தாள். பிறகு ஆறிப்போன டப்பாவைத் திறந்தாள்.