மூங்கில் சரிவில் கவலை மாடுகள்

1944 பங்குனியில், பர்மா எல்லை மலையொன்றின் சரிவில், விழுந்து கிடந்த மரத்தின் மறைவில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்து நாயக் நாச்சிமுத்துவின் தலைமையிலிருந்த சிறு செக்‌ஷன் மாட்டிக்கொண்டது. அத்தனை பேரும் சேலம் ஜில்லாக்காரர்கள். மேலே முகட்டில் அவர்களுடைய பதுங்குகுழி காலியாகக் கிடந்தது. கீழே மூங்கில் புதரில் ஜப்பானியர். முகடு போய்விட்டால், அதற்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் காயக்காரர்களைச் சுமந்து போகிறவர்கள் ஒருவரும் தப்ப முடியாது.

அவர்களில் காத்தான் எழுந்து மேலே ஓடினான். முதுகில் குண்டு வாங்கி விழுந்தான். அப்புறம் அசையவில்லை.

"நானும் ஓடிப் பாக்கறனுங்கண்ணா" என்றான் மணியன். ராசிபுரத்து நெசவாளி, நாயக்குக்கு அடுத்த பதவி அவனுக்கு.

"நீ முதுகக் காட்டி ஓடுனா அவன் சாவகாசமாக் குறி பாப்பான்" என்றார் நாச்சிமுத்து. "ஏன்டா சென்னிமலை, நம்மூருல கெணத்துத் தண்ணி எறைக்கற கவலை மாடு மேட்டுக்கு எப்படி ஏறுது?"

தொடையில் ரத்தம் வழியக் கிடந்த சென்னிமலை, "திரும்பாம, பின்னங்காலுலயே ஏறுமுங்க" என்றான்.

"அப்படியே ஏறுங்க. மூஞ்சி கீழயே இருக்கட்டும், சுட்டுக்கிட்டே போங்க."

கவலையில் தண்ணீர் இறைக்கிறவன், மாடு பின்னோக்கி ஏறும்போது அதன் முகத்துக்கு எதிரே, சரிவின் கீழ்ப்பக்கம் நிற்பான். நாச்சிமுத்து பிரென் இயந்திரத் துப்பாக்கியோடு மரத்தின் கீழ்க்கோடிக்குப் போய்ப் படுத்தார்.

"மணியா, தறிக்குழியிலயே கெடந்த காலு உன்னுது. பாத்து வெய்யி!" பயத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பின்னால! பின்னால சாமி!" என்று மாட்டை ஓட்டுகிற குரலிலேயே கத்தினார்.

ஒருவன் சுட, அடுத்தவன் ஏறினான். சென்னிமலையை இடுப்பு வாரைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தார்கள். அவனும் உட்கார்ந்தபடியே சுட்டான். பாதியில் இழுத்தவர்களில் ஒருவன் சுருண்டு விழுந்தான். மணியன் அந்த வாரைப் பிடித்தான். குழிக்குள் விழுந்ததும் கத்தினான்.

"ஏறியாச்சுங்கண்ணா! வாங்க!"

"எங்க வாரது? ரெண்டு காலும் போச்சு. நீங்க சுடுங்கடா!"

பிரென் ஓய்ந்தது. ஜப்பானியர் புதரைவிட்டு எழுந்து மரத்தை நோக்கி வந்தார்கள்.

"எறங்கி இழுத்தாரலாம்" என்றான் சென்னிமலை.

"ஆரும் எறங்கக் கூடாது" என்றான் மணியன்.

"நெசவுக்காரா, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?"

கீழிருந்து நாயக்கின் குரல் வந்தது. "என்னையப் பாக்காம மரத்து மேலயே அடிங்கடா! கிட்ட வந்துட்டானுங்க!"

யாரும் சுடவில்லை. மரத்தைக் குறிவைத்து மணியன்தான் முதலில் சுட்டான். பிறகு மற்றவர்களும் சுட்டார்கள். சென்னிமலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

பொழுது சாயும்வரை முகடு அவர்கள் கையிலேயே இருந்தது. பள்ளத்தில் கடைசிக் காயக்காரனும் போன பிறகு சென்னிமலைக்கு டோலி வந்தது. அவன் மணியனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நாயக் சம்சாரத்துக்கு என்னன்னு எழுதுவே?"

"எங்களையெல்லாம் மேல ஏத்திவுட்டுட்டாருன்னு எழுதறேன்."

"மரத்தைச் சுட்டதை?"

மணியன் தன் சட்டையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கீழே பார்த்தபடி துப்பாக்கியில் தோட்டா நிரப்பினான்.