அன்று அம்பயர் இல்லை

1
இந்தக் கதையை நானாக எழுதவில்லை. என் தலையில் கட்டியது பள்ளித்தோழி தஸ்ரின். கோட்டாறில் தன் வீட்டு அடுக்களையில் அயலை மீன் பொரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி ரஷ்மி, வாப்பாட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வாய் வரல்ல. நீ கதையா எழுதிரு, அவரு வாசிச்சுக்கிடட்டும்."

கதை எழுதுகிறவளைத் தபால்காரி ஆக்கிவிட்டாள், கள்ளி.

2
முதல் தொடக்கம்: 'கல்லூரி டென்னிஸ் அணியின் நட்சத்திரமாக மின்னிய…' (சே, பரிசளிப்பு விழாப் பேச்சு.)

அடுத்தது: 'தோல்வியின் கசப்பில் அவள்…' (பொய். தோற்ற அன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு உறங்கினாள்.)

சும்மாவே சொல்லிவிடுகிறேன். தஸ்ரின் சென்னையில் கல்லூரிக்காக டென்னிஸ் ஆடினாள். பிறகு சில வருடம் தொழில்முறை ஆட்டக்காரி. ரயிலேறி ஊர் ஊராகச் சின்னப் போட்டிகள். இப்போது நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். (சந்தோஷமான ஆளை வைத்துக் கதை எழுதுவது பெரிய சள்ளை.)

3
புனேயில் ஒரு தகுதிச்சுற்று. ஜெயித்தால் இன்னொரு வருடம் ஆடுவது, தோற்றால் ஊருக்கு வந்துவிடுவது என்று வாப்பா கமருதீனோடு பேச்சு. கடைசிப் புள்ளியில் எதிராளி அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. தஸ்ரின் 'வெளியே' என்று சொல்லவில்லை. தோற்றதாக ஏற்றுக்கொண்டு போய்க் கைகொடுத்துவிட்டாள்.

கூடப் போயிருந்த கமருதீன் அன்று முதல் டீக்கடையில் சொல்லிவருகிறார்: "பந்து வெளியதான் விழுந்துது. கள்ளப்பய அம்பயரு எம் மொவளத் தோக்கடிச்சிட்டான்."

(அடிக்குறிப்பு: அந்தச் சுற்றில் கோடு பார்க்க அம்பயரே கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் சொல்ல வேண்டும். கமருதீன் திட்டுவது தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த, தொப்பி போட்ட மனிதரை.)

4
முடிவு ஒன்று: பந்து கோட்டில் பட்டது, நேர்மையான மகள் ஒப்புக்கொண்டாள். தஸ்ரினிடம் வாசித்துக்காட்டினேன்.

"பட்டுதுன்னு ஒனக்கு ஆரு சொன்னா? பட்டுதா, இல்ல ஆடி ஆடி எனக்கு மடுத்துப்போயி வீட்டுக்குப் போவணும்னு ஆயிப்போச்சான்னு எனக்கே தெரியாதுட்டி. இதைத்தான் அவருட்ட சொல்ல முடியல்ல."

மற்ற முடிவுகளைக் கிழித்துப்போட்டேன்.

5
இந்தப் பகுதி கமருதீன் கையில் இல்லை, இப்போதுதான் எழுதுகிறேன். முன்னறையில் நான்காம் பகுதியை வாசித்துக்கொண்டிருக்கிறார். கதவோரம் தஸ்ரின். எந்தப் போட்டியிலும் அவளுக்கு இப்படி வியர்த்திருக்காது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வரணும்னா இருந்துது, மக்களே?"

கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அவள் சொன்ன பதில்… இல்லை, எழுதமாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாப்பாவும் மகளும் பேசும் இடத்தில் எனக்கென்ன வேலை.