யாருக்கு நடுக்கம்?

நுஸ்ஹாவுக்கு ஒரு விசயம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் சோற்றுக்கு என்ன ஆணம் என்பதிலிருந்து, பாதையில் போகும் லொறி எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்பது வரைக்கும் கேட்டுவிடுவாள். கண்டியைப் பூமி குலுக்கிப் போட்ட அந்தப் பிற்பகலில், எல்லாரும் பாதைக்கு ஓடிவந்து அழுதுகொண்டு நிற்க, இவள் மட்டும் "முதல்ல ஆடின சுவரா, கூரையா?" என்று கேட்டதாகப் பல்லேகலப் பக்கம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நகரம் மெல்ல எழுந்துவிட்டது. டவுனுக்கு பஸ் ஓடுகிறது. பிலிமத்தலாவையில் நெளிந்துபோன பித்தளைச் சாமான்களைத் தட்டி நிமிர்த்திக் கடைகளில் மறுபடியும் அடுக்கிவிட்டார்கள். நுஸ்ஹாவின் வீடு இருந்த வரிசையையும் திருத்தியாயிற்று. நாலு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே அத்திவாரம். நாலு குடும்பமும் இன்னும் எதிர் வெளியில் போட்ட தகரக் கொட்டில்களில்தான். என்ஜினியர் 'குடிபோகலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ சொல்கிறாரில்லை.

"சேர், ஏன்ட மகள் ரபீகாக்கு தலப்புள்ள. இந்த மாசம்" என்று போனில் கெஞ்சினாள் நுஸ்ஹா. "உம்மாட ஊட்டுக்குத்தானே கூட்டிட்டு வரணும்? தகரக் கொட்டில்ல பச்சப்புள்ளய வெச்சி என்னென்டு பாக்கிற?"

"எனக்கு விளங்குது அம்மா." என்ஜினியர் யாழ்ப்பாணத்து ஆள். "ஆனா உங்கட வரிசையில நடுக்கம் இன்னும் நிக்கேல்லையாம். நான் போன் எடுத்துக் கேட்ட இடத்தில தெளிவாச் சொன்னவை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வருதாம். எங்கட கருவியில ஒண்டும் விழேல்லை. என்னெண்டு பாக்காமல் எப்பிடி உங்களை உள்ள விடுறது?"

"ஒவ்வொரு நாளுமா? நானும் இங்கதானே ஈக்கிறேன்! ஆரு சேர் செல்லின?"

"அதைச் சொல்லேலாது அம்மா. நாளைக்கு நானே வாறன்."

சொல்லேலாது என்று நுஸ்ஹாவிடம் சொல்வது எரிகிற அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போவது மாதிரி. இரண்டு கொட்டில்களில் விசாரித்தாள். "எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். மிஞ்சியது அழகம்மாவின் கொட்டில். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்து, பல்லேகல கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவள். அவள் புருசன் கறுப்பையாவும் தோட்டத்து ஆள்தான்; இப்போது மேசன் பாஸ். நாலு வீட்டையும் திருத்தியது அவர் கைதான்.

நுஸ்ஹா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

"என்ன ராத்தா, தட்டும் கையுமா?"

"பின்னேரத்துல நடுக்கம் வருகுதாமே. பாக்க வந்த."

அழகம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிளேன்டீ ஊற்றப் போனாள். நுஸ்ஹா தட்டைத் தரையில் வைத்தாள். வேலை முடித்துக் கைகால் கழுவி வந்த கறுப்பையா, "வாங்க தங்கச்சி" என்று வாங்கில் உட்கார்ந்து கோப்பையை வாங்கினார். அன்றைக்குப் பூமி ஆடியதும் இந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான்.

முதலில் கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. நுஸ்ஹா குனிந்து தட்டைப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தேத்தண்ணி தளும்பிச் சாரத்தில் ஊற்றியது. கறுப்பையா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். அவர் சாய்ந்திருந்த தகரம் கடகடவென்று அடித்தது.

அழகம்மா நுஸ்ஹாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"'இன்னும் நடுக்கம் இருக்கா அம்மா'ன்னு போன்ல கேட்டாங்க. முந்தி வந்து இவரப் பாத்துட்டுப் போன ஆஸ்பத்திரியில இருந்துதான் விசாரிக்கிறாங்கன்னு நெனைச்சுப்புட்டேன். 'ஆமாங்க, தெனம் டீ நேரத்துல வருது, செத்த நேரத்துல நின்னுருது'ன்னேன்."

"அல்லாஹ்! அவர் நெலத்தக் கேட்ட, நீங்க மாப்பிளயச் செல்லின!" நுஸ்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. அழகம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

"வெளிய சொல்லிறாதீங்க ராத்தா. கை நடுங்குற பாஸை எவன் வேலைக்குக் கூப்புடுவான்? அவரு கட்டுன சுவரை எவன் நம்புவான்?"

மறுநாள் என்ஜினியர் வந்து வரிசைக்கு முன்னால் நின்றார். "ஆர் அம்மா நடுக்கம் எண்டு சொன்னது?"

உண்மையைச் சொன்னால் ரபீகாவுக்கு வீடு கிடைக்கும், கறுப்பையாவுக்கு வேலை போகும். அழகம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். நுஸ்ஹா முன்னால் வந்தாள்.

"நடுக்கம் எனக்குத்தான் சேர்."

"உங்களுக்கோ?"

"நெலத்துக்கு நின்டுட்டுது. எனக்கு நிக்கல்ல. குசினிக்குள்ள கால் வெச்சா முழங்கால் ஆடுது. மத்தச் சாமானெல்லாம் உள்ள வெச்சாச்சி; கேஸ் மணக்குதுன்டு செல்லிக்கிட்டு அடுப்ப மட்டும் வெளியிலயே வெச்சி ஈக்கிறேன்."

பொய்யாகத்தான் தொடங்கினாள். சொல்லி முடித்த பிறகுதான், வீடு திருத்திய நாளிலிருந்து மற்ற அறைகளுக்குள் போய்வந்தும், அந்தக் குசினிக்குள் மட்டும் ஒரு தடவைகூடத் தான் போகவில்லை என்பது அவளுக்கே உறைத்தது. ஊர் விசயமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவள், இதை மட்டும் தன்னிடம் கேட்டதே இல்லை.

"தங்கச்சி எனக்காகச் சொல்லுது சேர்." கறுப்பையா சுவரோரத்திலிருந்து வந்து கைகளை நீட்டினார். "இந்தா, இதுதான் அந்த நடுக்கம்."

என்ஜினியர் கைகளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வீடாக நுழைந்து சுவரில் மட்டம் வைத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"சுவர் நேராத்தான் நிக்குது. 'நிலம்' எண்டு சொல்லாமல் ஆளைக் கேக்கிற மாதிரி 'நடுக்கம் இருக்கா' எண்டு கேட்டது என்ர பிழை. ஆஸ்பத்திரி ஆக்களை இந்தப் பக்கம் திரும்ப வரச் சொல்லுறன் ஐயா. மறைக்கிற விசயமில்லை இது." போகிற போக்கில் திரும்பினார். "அம்மாவின்ர குசினி மூலையில ஒரு பூச்சு மிச்சம். அதை முடிச்சிட்டு எல்லாரும் குடிபோங்கோ."

அந்த மூலையைக் கறுப்பையா காரணமில்லாமல் விட்டு வைக்கவில்லை. அங்கே தலைக்கு மேல் கொன்கிரீட் இருந்தது; அதன் கீழே நிற்க அவருக்குப் பயம்.

"நான் பூசிடுவேன் தங்கச்சி. ஆனா சத்தமில்லாம இருந்தா எனக்கு அன்னைக்கு ஆடுனது நெனைப்பு வந்துருது. நீங்க வாசல்ல நின்னு எதையாச்சும் பேசிக்கிட்டே இருங்க."

"அதுக்கா ஆள் தேடுற? ஊர்ல எல்லாரும் என்ன வாய மூடச் செல்றாங்க!"

தேத்தண்ணி நேரத்தில் வேலை தொடங்கிற்று. நுஸ்ஹா குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தோட்டத்துல மூடுபனிக்குள்ள தேயிலக் கொழுந்து எப்படித் தெரியிற?"

"கை பாக்கும், கண்ணு வேணாம்."

"அழகம்மாவ முதல்ல எங்க கண்ட?"

"தேர்த் திருவிழாவுல. எம் மேல மஞ்சத்தண்ணி ஊத்துச்சு."

"நீங்க என்ன செஞ்ச?"

"கட்டிக்கிட்டேன்."

"அது தெரியும்! அன்டைக்கு என்ன செஞ்ச?"

"ஊத்திட்டு ஓடிருச்சு. யாரு வீட்டுப் புள்ளைன்னு கேட்டு அலைஞ்சேன். உங்க மாதிரிதான்."

கொஞ்ச நேரத்தில் நுஸ்ஹா கீழே பார்த்தாள். தன் கால் இரண்டும் குசினி நடுவில் நின்றன. எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. பேச்சு நின்றுபோயிற்று. பூச்சுக் கரண்டிச் சத்தம் மட்டும் சர் சர்ரென்று சுவரில் போய்க்கொண்டே இருந்தது.

"என்னா தங்கச்சி, கேள்வி தீந்துருச்சா?"

"ஒன்டு பாக்கி ஈக்குது. எங்கட ஊட்டுல புள்ள அழுதா ஒங்கட பக்கம் கேக்குமா?"

"கேக்கும். நடுவுல இந்த ஒத்தச் சுவருதானே."

"அப்ப சரி" என்று நுஸ்ஹா வெளியே போய், அடுப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள்.