டெம்பியின் எடை

உங்கள் ஒரு நாள் உழைப்பை யாராவது தராசில் மாட்டி நிறுத்துப் பார்த்திருக்கிறார்களா? மிசிசிப்பியில் அடிமைகளான எங்களுக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை தினமும் அதுதான் நடந்தது. பொழுது சாய்ந்ததும் பஞ்சுக் கூடையோடு வரிசையில் நிற்போம். கங்காணி ப்ரூவர் நிறுத்துக் கற்பலகையில் எழுதுவார். ஆளுக்கு ஒரு எடை உண்டு. குறைந்தால் சவுக்கு. கூடினால் மறுநாளிலிருந்து அந்தக் கூடின எடைதான் உங்கள் எடை. ஒரு நாள் தெரியாத்தனமாக வேகமாக எடுத்துவிட்டவன், ஆயுசுக்கும் அந்த வேகத்தில் ஓட வேண்டும்.

அதனால் பஞ்சு எடுக்கத் தெரிவதைவிட நிறுத்திக்கொள்ளத் தெரிவதுதான் பெரிய வேலை. என் மனைவி டெம்பி அதில் கெட்டிக்காரி. இரண்டு கையாலும் எடுப்பாள். இருநூறு பவுண்டு அவளுக்குச் சாதாரணம். ஆனால் பலகையில் நூற்று நாற்பதுதான். மிச்சத்தைப் பக்கத்து வரிசையில் இருக்கும் ஹேகர் அத்தையின் கூடையில் தட்டிவிடுவாள். அத்தைக்கு விரல் கணுவெல்லாம் வீங்கிப்போய்த் தானாக எண்பதைத் தாண்டாது. எழுத வேண்டியதோ நூற்று இருபது.

எங்கள் தோட்டத்தில் பஞ்சைத் தவிர எதையும் பயிரிடவில்லை. நாங்கள் தின்ற சோளமும் உப்புப் பன்றியும் ஒஹாயோவிலிருந்து படகில் வந்தன. எசமான் லாட்டிமர் பஞ்சை விற்று ஆள் வாங்குவார். அந்த ஆளை வைத்துக் காடு வெட்டுவார். வெட்டின காட்டில் மறுபடி பஞ்சு. டெம்பியை அப்படித்தான் வர்ஜீனியாவிலிருந்து பதினாறு வயதில் வாங்கி நடத்திக்கொண்டு வந்தார்கள். நாச்சஸ் நகரத்தில் ஒரு பாங்கு இதற்கெல்லாம் கடன் கொடுத்தது. ஈடாக எழுதிக் கொடுத்தது எங்களை.

1837 செப்டம்பரில் பஞ்சுப் பொதி இறக்க ஆற்றுத்துறைக்குப் போனேன். நீராவிப் படகில் உலைக்கு விறகு போடும் நெட் என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன ஐசம், மாப்பிள்ளைய அழைச்சிட்டு வர்ற மாதிரி கொண்டாந்திருக்க? இங்கிலீஷ்காரன் பஞ்சு வாங்குற லிவர்பூல்ல இதுக்கு இப்ப பாதி வெல கூடக் கெடையாது."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? ஒக்காந்து அழவா?"

"அழு. மேல்தொறையில ஒரு தோட்டத்துல கடன அடைக்கப் பன்னெண்டு பேர வித்துட்டாங்க. பாங்குக்காரன் வந்து நின்னா ஒங்க எசமான் எதத் தருவாரு? நாற்காலியவா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். எசமான் கோவேறு கழுதை விற்கும்போது நொண்டியைத்தான் தள்ளிவிடுவார். நல்ல உழைப்பாளியை எப்போதும் விட்டதில்லை. அப்படியானால் குறைந்த எடைக்காரர்கள்தான் போவார்கள் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை குடிசைக்குப் பின்னால் டெம்பி கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து முழு எடையையும் காட்டுடி."

"கிறுக்கா ஒனக்கு? ஒரு நாள் காட்டினா சாகுற வரைக்கும் காட்டணும். அத்தைக்கு யாரு போடுறது?"

"அத்தைய எவனும் வாங்க மாட்டான். ஒன்ன வித்துட்டா? ஒங்கம்மாவ விட்டுட்டு வந்தியே, அது பத்தாதா?"

அவள் கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அம்மாவை இழுத்திருக்கக் கூடாது. ஆனால் அதற்குத்தான் அவள் மசிந்தாள்.

திங்கட்கிழமை அவள் நூற்றுத் தொண்ணூறு எடுத்தாள். என் எடைக்குப் போக மிஞ்சின இருபதையும் அவள் கூடையில் அமுக்கினேன். ப்ரூவர் தராசை இரண்டு தடவை பார்த்து விசிலடித்தார். வரிசையில் யாரோ, "பொண்டாட்டி வெரலுக்குப் பன்னிக் கொழுப்பு தடவினியா ஐசம்?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஹேகர் அத்தையின் கூடை எழுபத்தெட்டு. பன்னிரண்டு சவுக்கடி. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும்போது, "நல்லா இருங்க ரெண்டு பேரும். எனக்கு இன்னும் முதுகு மிச்சமிருக்கு" என்றாள். டெம்பி என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று வாரம் இப்படியே போனது.

பிறகு பாங்குக்காரர் வந்தார். வெயில் குடையும் மூக்குக் கண்ணாடியும் வைத்திருந்த மெலிந்த மனுஷன். மத்தியான வேளையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எடைப் பலகையைக் கேட்டு வாங்கினார்.

"கடனுக்கு ஒம்பது பேரு. எடை கூடினவங்கள்லேர்ந்து ஆரம்பிக்கலாம். யாரு இந்த டெம்பி?"

எசமான், ப்ரூவர் பக்கம் திரும்பினார். "அவ நூத்தி நாப்பதுதானேய்யா?"

"மூணு வாரமா இருநூத்திப் பத்துங்க."

"பொம்பளயில இருநூத்திப் பத்தா! இவ ஒருத்தியே ரெண்டு பேருக்கு வெல போவா," என்றார் பாங்குக்காரர்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். "எசமான், அது பொய் எடைங்க. எம் பஞ்சத்தான் அவ கூடையில போட்டேன். அவளுக்கு அவ்வளவு வராது. சத்தியமா வராது எசமான்."

பாங்குக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போற தோட்டத்துலெல்லாம் புருஷன்காரன் எவனாவது ஒருத்தன் இப்படித்தான் சொல்றான்."

பொய் எடை காட்டினேன் என்று ப்ரூவர் எனக்கு இருபது அடி கொடுத்தார். டெம்பியை இருநூற்றுப் பத்து பவுண்டுக்காரி என்று பட்டியலில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயந்திரம் அவள் என் முதுகில் ஈரத்துணி போட்டாள்.

"ஏன்யா, கடனுக்கு ஆளு எடுக்க வர்றவன் நொண்டியவா கேப்பான்?"

"எசமான் கழுதைய அப்படித்தானே வித்தாரு."

"அது அவரா வித்தது. இது அவரு குடுக்க வேண்டியது." துணியை மறுபடி நனைத்துப் போட்டபடி, "எடை கூடினவங்களத்தான் எடுப்பாங்கன்னு ஒரு வாரமா எனக்குத் தெரிஞ்சுது. கொறைக்கப் பாத்தேன். ப்ரூவர் சவுக்கோட என் வரிசையிலயே நின்னுட்டாரு" என்றாள்.

ஓடிப்போகலாமா என்று கேட்டேன். அந்த முதுகை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவாய் என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது பேரை நாச்சஸ் சாலையில் நடத்திக்கொண்டு போனார்கள். டெம்பி நாலாவதாகப் போனாள். மிச்சமிருந்த எங்களைப் பஞ்சு எடுக்க வடக்கு வயலுக்கு அனுப்பினார்கள்.