பனி தின்ற வரிசை

மார்கழி முதல் நாள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் பதினோராம் பிளாக்கில் ஒரே ஒரு தெருவில் இறங்கிய மூடுபனி, பொங்கல் கழிந்தும் எழவில்லை. அதற்குள் அத்தெருவின் அலுமினியப் பாத்திரங்கள் அத்தனையையும் தின்று முடித்திருந்தது. முதலில் தெருக்கோடிப் பள்ளியின் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் கிடந்த சோடியம் புட்டியோடு வெடித்தது. அடுத்து மெக்னீசிய நாடாக்கள் வெளுத்து உதிர்ந்தன. பிறகு இட்லிக் குண்டான்கள், அதன்பின் வாளிகளின் துத்தநாகப் பூச்சு. ஜனங்கள் மண்சட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறிக்கொண்டார்கள். பால்காரர் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பயந்தவள் தமயந்தி ஒருத்திதான். அந்தப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பனி கண்டபடி மேயவில்லை, வரிசைப்படி வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு அம்சவல்லி, கம்மாபுரத்துக்காரி, அடி போன குண்டானோடு வந்தாள். "என்னாக்கா இது? குண்டான் கரைஞ்சிகினே போவுது, என் தோடு மட்டும் அப்படியே இருக்குது?"

"ஒவ்வொரு உலோகத்துக்கும் வெளிச்சுத்துல எலக்ட்ரான் இருக்கு அம்சா. சோடியம் அதை லேசாத்தான் பிடிச்சிருக்கும், கேட்டதும் விட்டுரும். அலுமினியம், துத்தநாகம்னு போகப் போகப் பிடி இறுகும். தங்கம் விடவே விடாது."

"துத்தநாகத்துக்கு அப்புறம்?"

"இரும்பு" என்ற தமயந்தி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் மருதாசலத்தின் தொடையெலும்புக்குள் ஒரு கம்பி இருந்தது, குள்ளஞ்சாவடி முக்கில் வண்டியோடு விழுந்தபோது வைத்தது. எவர்சில்வர் என்று பெயர், உள்ளே இரும்புதான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வடலூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே பனியும் வந்தது. நாத்தனார் வீட்டுக் கேட் மறுநாள் சிவந்து கொட்டியது. கம்பியை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரின் கத்தி தோலைத் தொடுமுன் துருவாகி உதிர்ந்தது. திரும்பி வந்தார்கள். மருதாசலம் நொண்டத் தொடங்கினான். அவன் வேட்டியில் செம்மண் நிறத்தில் வியர்வைக் கறை படிந்தது.

"உள்ள யாரோ அரம் போட்டு ராவுறாப்ல இருக்குது" என்றான்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். அவன் நடக்கும்போதெல்லாம் கம்பி முறியும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கப்பலின் இரும்பைக் கடல் தின்னாமலிருக்க, அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். எலக்ட்ரானை எளிதில் கொடுப்பது முன்னால் நின்று தன்னைக் கொடுத்துவிடும், இரும்பு பிழைக்கும். அவள் நடத்திய பாடம்தான். ஆனால் கப்பலில் இரண்டும் ஒட்டியிருக்கும். இங்கே நடுவில் தோலும் சதையும். வெளியூரிலிருந்து டார்ச் பேட்டரிகள் வாங்கி உடைத்து, துத்தநாகக் கூட்டைப் பட்டையாகத் தட்டி, அம்சவல்லி துணியை இழுத்துப் பிடிக்க, அவன் தொடையில் கட்டினாள்.

"இது தீந்துட்டா என்னாக்கா செய்வ?"

"இன்னொண்ணு கட்டுவேன்."

காலையில் பட்டை வெள்ளைப் பொடியாகக் கையோடு வந்தது. வேட்டியில் புதுக்கறை இல்லை. தமயந்தி அழுதுகொண்டே அடுத்ததைக் கட்டினாள்.

சித்திரையிலும் பனி எழவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் வெயில் தாங்காமல் மத்தியானங்களில் வந்து அதில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். தொடையில் அன்றைய பட்டையோடு மருதாசலம் முதல் ஷிப்டுக்குக் கிளம்பினால் ஆளுயரத் துண்டுப் பனி ஒன்று கூடவே போய், சுரங்க வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்து, ஷிப்டு முடிந்ததும் அவனோடு திரும்பும். சில வருஷங்கள் கழித்து வாசலின் பழைய காவலாளி ஓய்வுபெற்றபோது, புதிதாய் வந்தவர் அதைப் பார்த்துத் தயங்கினார்.

"அது மருதாசலம் சாரோட வந்ததுங்க" என்றார் பழையவர். "நிக்கட்டும்."