பயன்படுத்தப்படாத கோலிகள்

நூல் சேகரிப்போர் கழகத்தின் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. கழகம் இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. உயிரோடு இருக்கும் உறுப்பினர்கள் நான்கே பேர். ஆவணங்கள் எல்லாம் நகர நூலகத்துக்குப் போகின்றன. அவற்றைப் பிரித்து அடுக்கிப் பட்டியல் போடுவதுதான் என் மாலை வகுப்பின் செய்முறைப் பயிற்சி. பகலில் நான் நகலெடுக்கும் கடையில் நிற்கிறேன். கழகத் தலைவர் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால் நூலக வேலைக்கு மனுப் போடலாம். ஆகவே எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்தபோது முதல் இரண்டின் மேலும் சந்தேகம் வந்தது.

கண்காட்சி அழைப்புகள், குழுப் புகைப்படங்கள், 'அன்புள்ள நண்பருக்கு' என்று தொடங்கி 'திருடன்' என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லும் கடிதங்கள். இவற்றை முடித்த பிறகு அலமாரியின் அடித்தட்டில் வாக்குப்பெட்டி கிடைத்தது. புது உறுப்பினரைச் சேர்க்க வேண்டுமா என்று கழகத்தார் கோலிகளால் வாக்களிப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. துணிக்குழாய்க்குள் கையை விட்டுப் போடுவதால் யார் எதைப் போட்டார் என்று தெரியாது. ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே.

பெட்டி பூட்டியிருந்தது. ஆட்டினேன். உள்ளே கோலிகள் உருண்டன.

கடைசி வாக்களிப்பு பற்றிய கூட்டக் குறிப்பைத் தேடிப் பிடித்தேன். வாக்கெண்ணும் முன் ஓர் உறுப்பினரின் அரிய நூல்மேல் இன்னொருவர் காப்பியைச் சிந்திவிட, சண்டையில் கூட்டம் கலைந்திருக்கிறது. அதன்பின் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அன்று மனுப் போட்டிருந்தவர் 'ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் பெண்மணி'.

அது என் சித்தி.

சித்தி சேகரிப்பது பழைய பள்ளிப் பாடப் புத்தகங்கள். அதுவும் பிள்ளைகள் கிறுக்கியவை மட்டும். ஆற்றுப் படத்தில் முதலை, அறிஞர் முகத்தில் மீசை, கணக்குக்குப் பக்கத்தில் வாத்தியார் மேல் வசை. கறைபடாத புத்தகத்தை மட்டுமே மதிக்கும் கழகத்தில் இதைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பதிலே வரவில்லை. 'இல்லைன்னு சொல்லக்கூட ஒரு ஆளுக்கு வாய் வரல' என்று இன்றைக்கும் சொல்வாள். இப்போது அந்தத் தொகுப்பைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். நகர நூலகமும் கேட்டிருக்கிறது.

அன்று மாலை தலைவர் மாடியேறி வந்தார். மேசைமேல் ஒரு சாவியையும் ஒரு காகிதப் பொட்டலத்தையும் வைத்தார்.

"உங்க சித்தியோட புத்தகமெல்லாம் கழகத்து பேர்ல நூலகத்துக்குப் போனா நல்லா இருக்கும்மா. சனிக்கிழமை விழா. எல்லாரும் பார்க்க பெட்டியைத் திறப்போம். அவங்க எப்பவோ ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லி, உறுப்பினர் அட்டையைக் கொடுத்துடுவோம்."

"உள்ள கறுப்பு இருந்தா, சார்?"

அவர் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். பிரித்தேன். புத்தம் புது வெள்ளைக் கோலிகள்.

"நீங்களே மாத்தலாமே, சார்?"

"நான் திறந்தா தப்பும்மா. நீ திறந்தா அதுக்குப் பேரு ஆவணப் பராமரிப்பு." சிரித்தார். "உன் படிவத்தை அன்னிக்கே கொண்டு வா. மேடையிலயே போட்டுத் தர்றேன்."

மறுநாள் சித்தியின் பயிற்சிக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கோலியை மாத்தச் சொன்னாரா? இந்த வயசுல அழுகுணி ஆட்டமா?" என்றாள் சித்தி. "சார், சிக்னல் சிவப்பு. நிறுத்துங்க."

"சித்தி, மாத்தினா உனக்கு மரியாதை. எனக்குக் கையெழுத்து."

"மரியாதையா? அடியே, நான் கேட்டது பதிலு. கறுப்புன்னா கறுப்பு. உள்ள எது இருக்கோ அதை என் கண்ணால பார்க்கணும்."

"மாத்தலைன்னா என் சான்றிதழ்?"

சித்தி திரும்பிப் பார்த்தாள். "அது உன் வண்டி. அதுல நான் பிரேக் போட மாட்டேன்."

"மேடம், பச்சை விழுந்துடுச்சு," என்றார் வங்கிக்காரர்.

"அப்புறம் என்ன சார், நல்ல நேரம் பார்க்கிறீங்களா? எடுங்க!"

வண்டி குலுங்கி நின்றுபோனது.

அடுத்த நாள் கழக அறையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திறந்து பார்த்துவிட்டு மூடினால் என்ன என்றும் தோன்றியது. எல்லாம் வெள்ளையாகவே இருந்தால் இத்தனை யோசனையே வீண். ஆனால் நான் திறந்துவிட்டால், பிறகு உள்ளே எது இருந்தாலும் அதை நான் போட்டதாகத்தான் ஆகும். பொட்டலத்தைத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா? எங்கள் வகுப்பில் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: கைக்கு வந்த எதையும் பட்டியலில் சேர்க்காமல் விடாதே. பொட்டலம் என் கைக்கு வந்துவிட்டது.

எழுதினேன். பட்டியலை எங்கள் கடையிலேயே நகலெடுத்து, சனிக்கிழமை ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று வைத்தேன்.

தலைவர் வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் இருந்த நூலகர் அம்மா பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

"ஒரு நிமிஷங்க. 'வாக்குப்பெட்டி, பூட்டியது, திறந்து பார்க்கப்படவில்லை.' சரி. அதுக்குக் கீழே, 'வெள்ளைக் கோலிகள், ஒரு பொட்டலம். கழகத் தலைவர் இந்த வாரம் கொடுத்தது. பயன்படுத்தப்படவில்லை.' இது எதுக்கு?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அது... ஒரு உபரிக்கு," என்றார்.

"டயருக்குத்தான் ஸ்டெப்னி உண்டுன்னு நெனச்சிருந்தேன்," என்றாள் சித்தி. எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

பெட்டி திறந்தது. கோலிகள் மேசைமேல் உருண்டன. கறுப்பு, கறுப்பு, மறுபடி கறுப்பு. கடைசியில் ஓரமாக ஒரே ஒரு வெள்ளை.

சித்தி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மாற்றியிருக்க வேண்டுமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"இது யாரோடதுங்க?" என்று கேட்டாள்.

தலைவர் மெல்லக் கையைத் தூக்கினார். அதே நேரத்தில் ஜன்னலோரம் இருந்தவரும் தூக்கினார். பின்வரிசையில் ஒரு கை. காது கேட்காத நான்காமவர் பக்கத்துக் கைகளைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தன் கையையும் தூக்கினார்.

சித்தி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஒரு கோலிக்கு நாலு கையா? அப்போ கறுப்புக்கு ஆளே இல்லையா? எல்லாம் செத்துப்போனவங்க போட்டதுதானா? பாவம், அவங்களால எழுந்து வந்து இல்லைன்னு சொல்லவும் முடியாது!"

"பழசெல்லாம் எதுக்கும்மா," என்றார் தலைவர். "இன்னிக்கு நாங்க ஏகமனதா உங்களை..."

"வேணாங்க. எனக்குப் பதில் வந்துடுச்சு." வெள்ளைக் கோலியைக் கறுப்புகளுக்கு நடுவில் திரும்ப வைத்தாள். நூலகர் பக்கம் திரும்பினாள். "என் புத்தகமெல்லாம் வரும்மா. என் பேர்ல வரும். முதலையோட, மீசையோட. இவங்க பெட்டி இருக்கிற அலமாரியில மட்டும் வெச்சுடாதீங்க."

கூட்டம் கலைந்த பிறகு படிவத்தைத் தலைவர் முன்னால் வைத்தேன். அவர் படிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போகத் தெரியணும் பாப்பா. எந்த வேலைக்கும் அதுதான் முதல் தகுதி."

"கோலிகளை எண்ணிப் பட்டியல்ல சேர்த்துட்டேன், சார். வெள்ளை ஒண்ணு, உரிமை கோரியவர் நாலு பேர்னு எழுதியிருக்கேன். சரிதானே?"

அவர் படியிறங்கினார்.

படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. மாலை வகுப்பில் இதை இப்படியே கொடுக்கப் போகிறேன். சான்றிதழ் வருமா என்று தெரியாது. கையெழுத்துக்கான கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது விதி. 'தலைவர் கையெழுத்திடவில்லை' என்று முதலில் எழுதினேன். திரும்பப் படித்தபோது அவர் ஏதோ மறந்துபோனதுபோல் இருந்தது. அடித்துவிட்டு, 'மறுத்தார். காரணம்: பட்டியலின் கடைசிப் பக்கம்' என்று எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்கவில்லை.